அடுத்த பாவு

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று சென்னையின் எஃப்.சி. இரண்டாவது முறையாக இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி அடித்தவை இரண்டு, ரஃபேல் அகஸ்டோ அடித்தது ஒன்று. ஓராண்டு கழித்து அதே அணி, அதே பயிற்சியாளரின் கீழ், பதினெட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, மூன்று சமன், பதின்மூன்று தோல்வி என ஒன்பது புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. பயிற்சியாளரின் பெயர் ஜான் கிரகரி. அவர் இருக்கலாமா, போக வேண்டுமா என்னும் கேள்வி காஞ்சிபுரத்தில் எங்கள் நால்வரை ஓராண்டுக்கும் மேலாகப் பிடித்தாட்டியது.

எங்கள் நால்வரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை கூடி ஒரு நூலை எடுத்துவைத்துப் பேசுகிற சிறு வாசக வட்டம். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பட்டுக்கடையில் கணக்கெழுதுகிறார். நான்காமவர் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிறார். எங்களுள் மிக அதிகம் வாசித்தவர் அவரே. காஞ்சிபுரம் கால்பந்து ஊரன்று. எங்கள் தெருக்களில் பிள்ளைகள் கையில் இருப்பது மட்டைதான். ஆயினும் 2015 இறுதியில் பெய்த பெருமழை எங்களை இந்த அணியோடு பிணைத்துவிட்டது. குழித்தறிகளில் நீர் ஏறி, பாவு நனைந்து, ஊரே வேலையற்றிருந்த நாட்கள் அவை. சென்னை மைதானத்தில் ஆட முடியாமல் அணி தன் அரையிறுதியைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், முடிய மூன்று நிமிடம் இருக்கையில் 1-2 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 3-2 என வென்றது. வீடிழந்து வெளியூரில் தங்கியிருக்கிற உறவினர் ஒருவர் நல்ல செய்தி சொல்லி அனுப்பியதுபோல் இருந்தது எங்களுக்கு.

அதன் பிறகு சில ஆட்டங்களுக்கேனும் நேரில் செல்வது வழக்கமாயிற்று. மாலை ரயிலில் செங்கல்பட்டு வழியாகப் பூங்கா நிலையம். அங்கிருந்து நேரு மைதானம். ஆட்டம் முடிந்தபின் கோயம்பேட்டில் பேருந்து பிடித்துத் திருப்பெரும்புதூர் வழியே நள்ளிரவு கடந்து வீடு. 2018-19 பருவத்தில் இந்தத் திரும்பும் பயணம் முழுவதும் விவாதமாகவே கழிந்தது.

ஆசிரியர் நண்பரின் வாதம் நேரானது. தோல்விக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்; பதினோரு பேரை மாற்ற முடியாது, ஒருவரை மாற்றலாம்; ஆகவே கிரகரி போக வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் அணியை அவர் சான்றாகக் காட்டுவார். 2016இல் உலகமே வியக்கும் வண்ணம் லீக் பட்டம் வென்று கொடுத்த கிளாடியோ ரனியெரியை, ஒன்பது மாதங்கள் கழித்து, 2017 பிப்ரவரியில் அந்த அணி விலக்கியது. பலரும் அதை நன்றி கெட்ட செயல் என்றார்கள். ஆனால் விலக்கப்பட்ட பின் அணி தரம் இறங்காமல் தப்பியது. நன்றி வேறு, புள்ளிப்பட்டியல் வேறு என்பார் ஆசிரியர்.

வங்கி நண்பர் அலெக்ஸ் பெர்குசனைக் கொண்டு பதில் சொல்வார். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அவர் மூன்று ஆண்டுகள் எந்தக் கோப்பையும் வெல்லவில்லை. போகச் சொல்லி ரசிகர்களே பதாகை பிடித்தார்கள். 1990 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல் அவரைக் காத்தது என்பது பரவலான நம்பிக்கை. அந்த ஆண்டு கோப்பை வந்தது; அவர் 2013 வரை இருந்தார். ‘அன்றைக்கு அனுப்பியிருந்தால்?’ என்பார் வங்கி நண்பர். அனுப்பப்பட்டு, இருந்திருந்தால் பெர்குசன் ஆகியிருக்கக் கூடியவர்களின் பட்டியல் நம்மிடம் இல்லை. இருந்தும் ஒன்றும் ஆகாமல் போனவர்களின் பெயர்களோ யார் நினைவிலும் இல்லை. ஆகையால் இச்சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஐயமே. ஆனால் நள்ளிரவுப் பேருந்தில் அது வெகுதூரம் சென்றது.

கணக்கெழுதும் நண்பர் இரண்டு கட்சியிலும் சேராமல் காரணங்களைத் தேடுவார். பட்டம் வென்ற அணியின் தடுப்பரண் ஹென்ரிக் செரெனோ போய்விட்டார். நடுக்களத்தின் சுமையைத் தாங்கிய வியாசர்பாடிக்காரர் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. முந்தைய பருவத்தில் ஒன்பது கோல் அடித்த ஜேஜே லால்பெக்லுவா கோலின் முகம் காணத் தவித்தார். இவற்றில் எது கிரகரியின் பிழை? மறுபக்கம், போனவருக்கு ஈடாக ஆள் சேர்ப்பதும் துவண்டவரைத் தூக்கி நிறுத்துவதும் பயிற்சியாளரின் வேலையல்லாமல் வேறு யாருடையது? பேரேட்டில் பற்றும் வரவும் சரியாக நின்றன. மீதித்தொகை மட்டும் எந்தப் பக்கம் என்று அவரால் சொல்ல இயலவில்லை.

காஞ்சியில் நடப்பதாக மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தை நாங்கள் ஒரு மாதம் வாசித்தது இந்தச் சூழலில்தான். காபாலிகன் ஒருவனின் கபாலம் காணாமல் போகிறது. வழியில் வந்த பௌத்தத் துறவிதான் திருடினான் என்று அவன் பிடித்துக்கொள்கிறான். இருவரும் தத்துவம் பேசுகிறார்கள், கைகலக்கிறார்கள். நடுவராகப் பாசுபதன் ஒருவனும் வந்து சேர்கிறான். உண்மையில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். கடைசியில் பித்தன் ஒருவன் அதைக் கொண்டுவருகிறான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக எங்கள் ஊர் இதையேதான் செய்துவருகிறது என்று சிரித்தோம். காணாமல் போனது ஒன்று. கையில் அகப்பட்டவர் ஒருவர். இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு வாதத்திறமை மட்டும் குறைவின்றி இருக்கிறது. தோற்கிற அணியின் பயிற்சியாளர் அந்தத் துறவியின் இடத்தில் நிற்கிறார். அவர் திருடவில்லை என்பதில்லை. அவர் கண்ணெதிரே நிற்கிறார், நாய் நிற்கவில்லை, அவ்வளவே.

இந்த ஐயத்துக்கு ஆய்வுத் துணையும் உண்டு. நெதர்லாந்தின் முதல்நிலைக் கால்பந்தில் 1986 முதல் 2004 வரை நிகழ்ந்த பயிற்சியாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். சரிவின் நடுவே பயிற்சியாளரை விலக்கிய அணிகள் பின்னர் மீண்டன. அதேபோன்ற சரிவில் விலக்காமல் விட்ட அணிகளும் ஏறத்தாழ அதேபோல் மீண்டன. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கிறது. காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும். ஆசிரியர் இதைக் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் ஆஸ்பத்திரியே வேண்டாமா?’ என்றார். அதற்கு விடை இல்லை.

தறி நெய்யும் நண்பர் இவ்வளவு நேரமும் ஜன்னலோரம் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கிரகரி இருக்கட்டும் என்பதே அவர் நிலை. காரணம் கேட்டால் கால்பந்தைப் பற்றிச் சொல்ல மாட்டார். ‘மூணு சேலை நல்லா வந்தா நாம யாரும் தறிக்காரன் பேரக் கேக்கறதில்ல சார். ஒரு சேலை கெட்டா மட்டும் பேரக் கேக்கறோம்’ என்பார்.

2019 மார்ச்சில் பருவம் முடிந்தது. அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று, சில வாரங்களில் பட்டம் வெல்லவிருந்த பெங்களூருவுக்கு எதிரானது என்பதே எஞ்சிய ஆறுதல். கிளப் கிரகரியை வைத்துக்கொண்டது. ஏப்ரலில் அவரே அணியைச் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்றார். புவனேஸ்வரத்தில் கோவாவிடம் 1-2 என்று தோற்றார்கள். கடைசி இடத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் இடையே ஒரே மாதம். எந்தக் கட்சிக்கும் இது சான்றாகப் பயன்படும் என்பதால் எங்கள் சண்டை வலுத்தது.

ஜூலையில் அத்திவரதர் வந்தார். 1979க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் அனந்தசரஸ் குளத்து நீரடியில் கிடந்தவர் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாட்கள் காட்சி கொடுத்தார். ஜூலை முழுவதும் சயனக் கோலம், பிறகு நின்ற கோலம். ஊரில் நடக்க இடமில்லை. எங்கள் கூட்டம் நடைபெறவில்லை. கால்பந்து யார் நினைவிலும் இல்லை. வரிசையில் நின்ற வங்கி நண்பர் மட்டும், ‘நாற்பது வருஷம் காத்திருக்கிற ஊர், ஒரு பயிற்சியாளருக்கு ஒரு வருஷம் கொடுக்கக் கூடாதா?’ என்று முணுமுணுத்தார். பெருமாள் பதினெட்டு ஆட்டம் ஆடவில்லை என்று ஆசிரியர் பதில் சொன்னார். முன்னால் நின்ற மூதாட்டி திரும்பிப் பார்த்த பார்வையில் இருவரும் அடங்கினர்.

அந்தக் கூட்டமெல்லாம் வடிந்தபிறகுதான் தறிக்கார நண்பரின் வீட்டுச் செய்தி எங்களுக்குத் தெரியவந்தது.

அவருடைய பெரியப்பா கோர்வைச் சேலையில் பேர் பெற்றவர். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட, இரண்டும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொண்டே வர வேண்டும். கோத்த இடம் துணி கிழிந்தாலும் பிரியாது என்பதே காஞ்சிச் சேலையின் பெருமை. அறுபது வயதைக் கடந்த அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. கடைசியாகக் கொடுத்த சேலைகளில் கோர்வை இழை தப்பியிருந்ததாகக் கூலியில் பிடித்தார்கள். ஒரு பாவில் பொதுவாக மூன்று சேலை. ஓடிக்கொண்டிருந்த பாவு முடிந்ததும் அவருக்கு அடுத்த பாவு கொடுப்பதா, அந்தத் தறியில் தம்பி மகனை உட்காரச் சொல்வதா என்று முதலாளி எங்கள் நண்பரையே கேட்டிருந்தார். பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று பேருந்துதோறும் வாதாடியவர் முன் அதே கேள்வி வேறு உருவில் வந்து நின்றது. விலக்கினால் ஆதாயம் அடையப் போகிறவரும் அவரே.

‘பெரியப்பா கோத்துக் குடுத்த கரையிலதான் நான் நாடா தள்ளக் கத்துக்கிட்டேன். அந்தத் தறியில நான் எப்படிப் போயி உக்காருவேன் சார்?’ என்று அவர் ஆசிரியரிடம் கேட்டார். நன்றி வேறு, புள்ளிப்பட்டியல் வேறு என்ற வாக்கியம் அன்று ஆசிரியர் வாயிலிருந்து வரவில்லை. ‘கண்ணாடி மாற்றிப் பார்த்தாயா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். மாற்றியாகிவிட்டது.

அக்டோபரில் புதிய பருவம் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை: கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. நவம்பர் 25 அன்று ஐதராபாத்துக்கு எதிராகத் தொண்ணூறு நிமிடம்வரை கோலே விழாத ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் மூன்று கோல்கள் விழுந்து 2-1 என்று வென்றோம். வால்ஸ்கிஸ் அடித்த கடைசி கோலுக்கு மைதானம் எழுந்து கத்தியதில் எல்லாக் கட்சியினரும் இருந்தனர். மூன்று நாள் கழித்து ஒடிசாவோடு 2-2. நவம்பர் 30 அன்று, இரு தரப்பும் ஒப்பிப் பிரிவதாக அறிவிப்பு வந்தது. அறுபத்தைந்து வயது ஜான் கிரகரி ஊர் திரும்பினார்.

தறிக்கார நண்பர் அன்று கோபப்பட்டது எங்களுக்கு நினைவிருக்கிறது. போனதற்காக அல்ல, போன நேரத்துக்காக. ‘எடுக்கறதா இருந்தா மார்ச்சுல எடுத்திருக்கணும். அப்ப பாவு முடிஞ்சிருந்துச்சு. புதுப் பாவ ஏத்திட்டு, அஞ்சாறு முழம் ஓட்டினப்புறம் அறுக்கறது தப்பு’ என்றார். ஓடுகிற பாவை நடுவில் அறுப்பது அவர் தெருவில் சாவு வீட்டுக்கு ஒப்பான செயல்.

பெரியப்பாவின் விஷயத்தில் அவர் அதைத்தான் பின்பற்றினார். அடுத்த பாவு அவருக்கு இல்லை என்பதை முதலாளியோ ஆளோ சொல்ல விடாமல், தாமே போய், தறிக்குழியின் ஓரத்தில் அமர்ந்து சொன்னார். பெரியவர் நாடாவை நிறுத்தவில்லை. சிறிது தூரம் நெய்தபின், ‘இருக்கிற பாவை முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன்’ என்றார். மூன்றாவது சேலை 2020 தைப்பொங்கலுக்குச் சில நாள் முன்பு தறியிலிருந்து இறங்கியது. அதிலும் இழை தப்பியிருந்ததா என்று நாங்கள் கேட்கவில்லை.

இதற்கிடையே கால்பந்து எங்கள் நண்பரின் வாதத்தைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் வந்த ஓவன் கோய்ல் எஞ்சிய பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் ஏழில் வென்று, மூன்றைச் சமன் செய்தார். ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளி எடுத்திருந்த அணி, அடுத்த பன்னிரண்டில் இருபத்து நான்கு எடுத்து நான்காம் இடம் பிடித்தது. அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று வென்றது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவா மைதானத்தில், இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றது. பதினைந்து கோல் அடித்த வால்ஸ்கிஸுக்குத் தங்கக் காலணி. ‘நடுவிலே அறுத்ததால்தானே இது?’ என்றார் ஆசிரியர். டெர் வீலின் ஆய்வைக் கையில் வைத்திருந்தவர்களிடமும் பதில் இல்லை. சராசரி என்பது எல்லா அணிகளுக்கும் சேர்த்துச் சொல்வது. ஒரே ஓர் அணியின் ரசிகருக்கு அது உதவுவதில்லை.

ஆனால் தறிக்கார நண்பர் விடவில்லை. வால்ஸ்கிஸ் யாருடைய பருவத்துக்காக வந்தவர் என்று கேட்டார். பந்தை அவருக்குப் பக்குவமாய் அனுப்பிய ரஃபேல் கிரிவெல்லாரோ? இடதுபுறம் பறந்த லாலியன்சுவாலா சாங்தே? வலைக்கு முன் நின்ற விஷால் கைத்? நால்வரும் கிரகரி தொடங்கிய பருவத்துக்கென 2019இல் சேர்க்கப்பட்டவர்கள். அனிருத் தாபாவோ அவர் காலத்தில் நாளும் ஆடி வளர்ந்தவர். பிறகு அவர் சொன்னது எங்கள் விவாதத்தின் போக்கையே மாற்றியது. புதிய பாவை வெறும் தறியில் யாரும் ஏற்றுவதில்லை. முடிந்த பாவின் நுனிகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைத்து, அந்த ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றோடும் புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்து, மெதுவாக இழுத்துக் கொள்வார்கள். பெரியப்பாவின் தறியில் அவர் ஏற்றிய பாவும் அப்படித்தான் பெரியவரின் இழைமுனைகளில் பிணைக்கப்பட்டது. முதல் சேலையின் முதல் சாணுக்கு முன்னால் இருப்பது பழைய தறிக்காரரின் கை.

எங்களுக்குத் தோன்றியது இதுதான். ‘பயிற்சியாளர் இருக்கலாமா?’ என்று கேட்கும்போது நாம் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறோம். தவறு யாருடையது என்பது ஒன்று. மாற்றுவதற்கு வேளை வந்துவிட்டதா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ‘அவருடையதல்ல’ என்றும் இரண்டாவதற்கு ‘வந்துவிட்டது’ என்றும் ஒரே மனிதரைக் குறித்துச் சொல்ல முடியும். சொல்லவேண்டிய நேரங்களும் உண்டு. கண் மங்கியது பெரியவரின் குற்றமன்று. ஆயினும் கோர்வையை அவரிடம் கொடுக்க முடியாது. இவ்விரண்டையும் பிரிக்கத் தெரியாததால், ஒருவரை அனுப்ப விரும்பினால் முதலில் அவரைக் குற்றவாளியாக்குகிறோம். ஒருவரைக் குற்றமற்றவர் என்று கண்டால் அதற்காகவே பதவியில் வைத்திருக்கச் சொல்கிறோம். கிரகரியைத் திட்டியவர்களும் காத்தவர்களும் செய்தது இதுவே. அவர் கொடுத்த கோப்பைக்கு நாம் பட்ட நன்றிக்கடன், பதவி நீட்டிப்பால் தீர்வதும் அல்ல, பதவி முடிந்ததால் ரத்தாவதும் அல்ல.

அதே கேள்வி பின்னர் கோய்லின் தலையிலேயே விழுந்தது. 2020இல் ஜாம்ஷெட்பூர் சென்று, 2023இல் சென்னைக்குத் திரும்பி, முதல் பருவத்தில் அணியை ஆறாம் இடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். 2024-25 பருவத்தில் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவதாக முடிந்தபோது, முன்பு கிரகரிக்கு எழுந்த குரல் சொல் மாறாமல் அவருக்கு எழுந்தது. 2025இல் அவரும் பிரிந்தார். இம்முறை இரண்டு பருவங்களுக்கு இடையில், பாவு முடிந்த இடத்தில். தறிக்கார நண்பர் தலையசைத்தார். ஆசிரியர் அப்போதும், ஓர் ஆறு ஆட்டம் முன்பே செய்திருக்க வேண்டியது என்றார்.

பெரியவர் தற்போது தார் சுற்றிக் கொடுக்கிறார். எங்கள் நண்பர் அவருடைய தறியில் அமர்ந்து நெய்கிறார். வாசக வட்டம் மாதந்தோறும் கூடுகிறது. கிரகரியைப் பற்றிய வாக்கெடுப்பு இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் இன்றும் சமனாகவே நிற்கிறது.